சகாயசெல்வியின் உப்புத் தண்ணி

சகாயசெல்வி முதன்முதலாகக் கடலைப் பார்த்தது செருப்புகளுக்குக் காவல் இருந்தபோது.

கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள், வேளாங்கண்ணி. புதுப் பெண் செல்வியோடும் மாப்பிள்ளை ரொனால்டோடும் அவன் அக்கா ஜெஸ்ஸியும் அவள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கிளம்பி வந்திருந்தார்கள். கடற்கரையில் கால் வைத்ததும் ஜெஸ்ஸி எல்லோருடைய செருப்புகளையும் பைகளையும் செல்வியின் முன்னால் குவித்தாள். செத்த நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்தச் செத்த நேரம் ஒன்றரை மணி நேரமாக நீண்டது. அலையில் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்த கூட்டத்தில் அவளுடைய புருஷனும் இருந்தான். ஒருமுறை கூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கால் நனையாமலே அவள் பஸ் ஏறினாள்.

பாவி மனது, அந்த ஒன்றரை மணி நேரத்தை இருபது வருடம் அப்படியே வைத்திருந்தது.

திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் செல்விக்கு வேலை. காலை ஆறரைக்குப் போனால் மத்தியானம் வரை ஊசியும் குழாயுமாக நிற்பாள். ரொனால்டு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். நல்லவன்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அக்கா பேசும்போது மட்டும் அவனுக்கு நாக்கு இருக்காது. எட்டு வயதில் தாயை இழந்த அவனைச் சோறூட்டி வளர்த்தவள் ஜெஸ்ஸி. கட்டிக்கொடுத்த வடமதுரையிலிருந்தே இந்த வீட்டில் என்ன குழம்பு என்று முடிவு செய்கிறவளும் அவளே. ஞாயிறு பூசை முடிந்தால் குடும்பத்தோடு இங்கே வந்துதான் சாப்பிடுவாள்.

நாற்பதாவது வயதில் செல்வி ஒரு காரியம் செய்தாள். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்தாள். கடல் உப்பை எடை போட்டுக் கரைத்தாள். சோதனை நிலையத்தில் சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கிற சின்னக் கருவியைப் போலவே ஒன்று வாங்கி, ஒரு சொட்டு தொட்டுவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆயிரம் பங்குக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு. கடலில் இருக்கிற அதே கணக்கு. துளைத்துளையான கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். அலை மாதிரி தண்ணீரைத் தள்ள ஒரு மோட்டார். பிறகு மீனே விடாமல் ஆறு வாரம் காத்திருந்தாள். அழுக்கைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லுக்குள் குடியேற அவ்வளவு நாள் ஆகும். வெறும் தண்ணிக்குக் கரண்டு பில் கட்டுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஜெஸ்ஸி உறவுக்காரர்களிடம் எல்லாம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

ஏழாவது வாரம் மண்டபம் பக்கத்தில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறவரிடமிருந்து இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. கூடவே, பூ விரிந்தாற்போல் ஆடுகிற கடல் சாமந்தி என்கிற உயிர் ஒன்று. மற்ற மீன்களைக் கொட்டுகிற அந்தச் சாமந்தியின் இதழ்களுக்குள் இவை இரண்டும் படுத்து உருண்டன.

இந்த மீன்களில் பெண்தான் பெரிது. அது விரட்டும், ஆண் ஒதுங்கும். பெரியதற்கு "அக்கா" என்றும் சின்னதற்குத் "தம்பி" என்றும் செல்வி பெயர் வைத்தாள். ரொனால்டு முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாளிலிருந்து சிரிக்கவில்லை.

மூன்று வருடம். திண்டுக்கல் வெயிலில் தொட்டி கொதிக்காமல் இருக்க மேலே விசிறி ஓடியது. விசிறி ஓட ஓடத் தண்ணீர் ஆவியானது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்குத் தினமும் வடிகட்டிய நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதற்காகவே அவள் தன் சம்பளத்தில் சுவரில் வடிகட்டும் இயந்திரம் மாட்டி, சொட்டுச் சொட்டாகக் கேன்களில் பிடித்து வைத்தாள். எந்தத் தண்ணீர், ஏன் என்பதை ரொனால்டுக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள்.

இந்த மே மாதம் ஒன்பது நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருவே போர் தண்ணீரில் துவைத்தது, குளித்தது. உப்புத் தண்ணி என்றால் எங்கள் ஊரில் அந்தப் போர் தண்ணீர்தான். வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வி ஒரு குவளை நல்ல தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்த ஜெஸ்ஸிக்கு முகம் சிவந்துவிட்டது.

"மனுசன் குடிக்கிற தண்ணிய மீனுக்கு ஊத்துறியே. உப்புப் போட்டுத்தான சோறு திங்குற?"

எல்லோர் முன்னாலும் கேட்டாள். ரொனால்டு தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அதற்கடுத்த வாரம் செல்வியின் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். மூன்று நாள் கூட இருக்க வேண்டும். அதே நாட்களில்தான் ஜெஸ்ஸியின் பேரனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். விருந்து செல்வியின் வீட்டில் என்று முடிவாகியிருந்தது. வழக்கம்போல், அவளைக் கேட்காமலே. நான்கு கேன்களில் நல்ல தண்ணீரை நிரப்பி, "மீன் தொட்டிக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டி, ரொனால்டின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைத் திறந்ததும் அவளுக்கு மூக்கில்தான் முதலில் அடித்தது. அவள் வேலை செய்கிற இடத்தில் தரையைக் கழுவும்போது வரும் அதே வாடை. பிளீச்சிங் பவுடர்.

கடல் சாமந்தி கொழகொழவென்று கரைந்து கல்லில் ஒட்டிக்கிடந்தது. அக்கா மீன் அடியில் பக்கவாட்டில் கிடந்தது, ஆரஞ்சு நிறம் வெளிறி. தம்பி மோட்டாருக்குப் பின்னால், மூலையில், செவுள் படபடக்க மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. நான்கு கேன்களும் காலியாகப் பின்வாசலில் கவிழ்ந்திருந்தன.

அவள் அழவில்லை. கருவியை எடுத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்து. உப்பு சரியாகத்தான் இருந்தது.

கேட்கக் கேட்க ரொனால்டு சொன்னான். கேன் தண்ணீரில் பிரியாணி ஆக்கினார்களாம், மீதியை வந்தவர்கள் குடித்தார்களாம். தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்ததைப் பார்த்து, பாவம் என்று ஜெஸ்ஸியே இரண்டு குடம் ஊற்றினாளாம். மாடித் தொட்டியை விருந்துக்காகப் பவுடர் போட்டுக் கழுவிய மறுநாள் ஏறிய போர் தண்ணீர்.

"உப்புத் தண்ணி மீன்தானடா, உப்புத் தண்ணி ஊத்துனா போதும்னு அக்காதான் சொல்லுச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"பாத்துக்கிட்டா?"

அவன் தொட்டிமேல் ஓடிய விசிறியை நிறுத்தினான், மறுபடி போட்டான். ஜெஸ்ஸிக்குத் தெரியாது, தெரியாமல் ஊற்றினாள். இவனுக்குத் தெரியும். எந்தத் தண்ணீர், ஏன் என்று நூறு தடவை கேட்டவன், குடம் சாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவள் பைகளோடு மணலில் உட்கார்ந்திருந்தபோதும் அவன் இப்படித்தான் இருந்தான்.

ஆனாலும் கோபப்பட அவளுக்கு நேரமில்லை. தம்பி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குளோரினை முறிக்கிற மருந்தைத் தொட்டியில் கலந்தாள். இயந்திரத்தின் அடியில் புதுக் கேனை வைத்தாள். பிடித்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, சூட்டைச் சரிபார்த்து, பழையதை எடுத்துப் புதியதை ஊற்றினாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் வேலைக்கு லீவு சொன்னாள். ரொனால்டு கேனைத் தூக்க வந்தபோது அவன் கையைத் தட்டிவிட்டாள். செத்த மீனை ஒரு காகிதத்தில் சுற்றி அவன் சாப்பிடுகிற மேஜைமேல் வைத்தாள். அவனே கொண்டுபோய்ப் புதைத்தான்.

சனிக்கிழமை தம்பி மூலையை விட்டு வெளியே வந்தது. ஒரு துணுக்கு இறாலைக் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வி விழுங்கியது. அப்போதுதான் செல்விக்கு அழுகை வந்தது. சமையல்கட்டின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, மறுநாள் ஞாயிறு என்பது ஞாபகம் வந்தது.

ஜெஸ்ஸி குடும்பத்தோடு வந்தாள். மீன் செத்ததைக் கேட்டு உச்சுக் கொட்டினாள். வத்தலக்குண்டு சந்தையில் இதைவிடப் பெரிய மீன் கிடைக்கும், இரண்டாக வாங்கிக்கொள் என்றாள். செல்வி சிரித்த முகத்தோடு இலை போட்டாள். சோறு, கறிக்குழம்பு, வெஞ்சனம், அப்பளம், ஒன்றும் குறைவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் பளபளவென்று தேய்த்த டம்ளரில் தண்ணீர் வைத்தாள்.

ஜெஸ்ஸிதான் முதலில் குடித்தாள். குடித்ததை இலையிலேயே துப்பினாள்.

"என்னடி இது, போர் தண்ணிய வச்சிருக்க?"

"உப்புத் தண்ணி மதினி" என்றாள் செல்வி. குரல் உயரவில்லை. "எல்லாரும் உப்புப் போட்டுத்தான திங்குறோம். உப்புத் தண்ணி ஊத்துனா போதும்னு நினைச்சேன்."

ஜெஸ்ஸி இலையைத் தள்ளிவைத்தாள். தாயில்லாப் பிள்ளையை வளர்த்த கதை ஆரம்பமானது. தூக்கிச் சுமந்தது, பட்டினி கிடந்தது, தன் கம்மலை விற்றுப் படிக்கவைத்தது. எல்லாம் உண்மை. அதனால்தான் அந்த வீட்டில் அதை யாராலும் தாண்ட முடிந்ததில்லை. கடைசியில் தம்பியைப் பார்த்து, உன் பெண்டாட்டி எனக்கு விஷம் வைக்கிறாள், நீ என்ன சொல்லுகிறாய் என்று கேட்டாள்.

எல்லோரும் ரொனால்டைப் பார்த்தார்கள். செல்வியும் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பு இன்னும் அவள் கையில் இருந்தது.

"மீன்ல ஒரு விசயம் உண்டுங்க" என்றாள் அவனிடம். "அக்கா போயிட்டா, ஒதுங்கியே கெடந்த தம்பி மெல்ல மெல்ல வளர ஆரம்பிக்கும். அந்த எடத்துக்கு அதுவே வரும். மீனுக்கு அம்புட்டுத் தைரியம் இருக்கு."

ரொனால்டு டம்ளரைப் பார்த்தான். பிறகு எடுத்தான். ஒரே மூச்சில், முகம் கோணாமல், அடி வரை குடித்தான்.

"நான்தான்க்கா பாத்துக்கிட்டு நின்னேன்" என்றான். "தப்பு எம்மேல. ஆனா, இனிமே அந்தத் தொட்டிய நீ தொடாத. செல்வியக் கேக்காம இந்த வீட்டுல விருந்தும் வேணாம்."

ஜெஸ்ஸி கையைக் கழுவாமலே எழுந்துபோனாள். ரொனால்டு, இருபது வருடக் கடன் தீர்ந்தவனைப் போல் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். ஒரு சிரிப்பையோ, ஒரு சொட்டுக் கண்ணீரையோ எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

செல்வி குனிந்து, காலியான அவன் டம்ளரில் மறுபடியும் உப்புத் தண்ணியை ஊற்றினாள்.