இரண்டு தடவை சொன்ன நேரம்

வீட்டில் அவளுக்கு மைக்கு என்று பட்டப்பெயர். பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க அறிவிப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

ஆனால் வரன் தேடும் செயலியில் அவள் வாயே திறக்கவில்லை. வேலை என்ற இடத்தில் 'போக்குவரத்து' என்று போட்டதோடு சரி. தெரு இல்லை, அலுவலகம் இல்லை. படத்தில்கூடப் பின்னால் வெறும் சுவர்தான்.

"ஏன்டி, நீ மாப்பிள்ளை தேடுறியா, இல்ல தலைமறைவா இருக்கியா?" என்றாள் அக்கா.

"முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட எல்லாத்தையும் கொட்டச் சொல்றியா? மொதல்ல ஆளைப் பாக்குறேன்."

மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் மட்டும் பொறுமையாகப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை காபிக் கடையில் சந்திக்கலாம் என்று ஆனது. அதற்காக முதன்முதலாகப் போனில் பேசினார்கள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, அதே ஏற்ற இறக்கத்தோடு மறுபடியும், "சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஏங்க, நான் என்ன பஸ்ஸா? ரெண்டு ரெண்டு தடவை அறிவிக்கிறீங்க! இருங்க இருங்க... இந்தக் குரலை நான் கேட்டிருக்கேனே."

சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அத்தனை பார்த்துப் பார்த்து மறைத்தும் நாக்கு காட்டிக் கொடுத்துவிட்டது.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. அவன் என்ன புலியா?" என்றாள் அக்கா.

"புலின்னா அதுதான்க்கா கூண்டுல இருக்கும். இங்க கண்ணாடிக் கூண்டுக்குள்ள நான்ல இருக்கேன்."

வெள்ளிக்கிழமை மதியம், நிலையம் கூட்டத்தால் நெரிபட்டுக்கொண்டிருந்தபோது அவள் போன் மினுங்கியது. 'குரல் கம்மிப் போயிருக்கே, சளியா? பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கு.'

கை தானாகத் துப்பட்டாவை இழுத்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே எங்கு பார்த்தாலும் தலைகள். தூணோரம் ஒருவர் கையை உயர்த்தினார். படத்தில் பார்த்த அதே சிரித்த முகம். கெட்டவராகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் கலக்கியது. நல்லவராகவே இருந்துவிட்டால், இந்தப் பயத்தை யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

போனில் எழுதினாள். 'ஞாயிற்றுக்கிழமைன்னுதானே பேச்சு? நான் சொல்லாத இடத்துக்கு நீங்க வந்தது பிடிக்கல. சந்திக்க வேணாம்.'

'சும்மா சர்ப்ரைஸ்ங்க! இதுக்குப் போயா?' என்று பதில் வந்தது. ஆள் நகரவில்லை.

கதவைத் திறந்து, வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம்கீப்பரைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, மூஞ்சி வெளிறிக் கிடக்கு?"

"அண்ணே, என் ஷிஃப்ட் முடியற வரைக்கும் இங்கயே இருங்க. அந்தத் தூண்கிட்ட நிக்கிறவரு போயிட்டாலும் இருங்க."

அவர் தூணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துக் கதவை மறித்துப் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வண்டி வந்து நின்றது. பயணிகள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார்கள். வேறு வழியில்லை. பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கினாள். தூணோரம் இருந்தவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.