எதிரணிச் சட்டையில் என் மகன்

ஜெயபுரம் மைதானத்தில் எல்லே ஆட்டம் என்றால் நான் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். தடியால் பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கும் கம்புகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். எங்கள் அணியில் என் மகனைப் போல அடிக்க ஆளில்லை. தை மாதம் அவன் கலியாணம் செய்து, எங்கள் வழக்கப்படி பெண்வீட்டோடு புதுக்குடியிருப்புக்குப் போனான். ஆனாலும் இறுதிப் போட்டிக்கு வந்து எங்களுக்கு அடிப்பான் என்று நம்பி, விடியவே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போனேன்.

எதிரணியான புதுக்குடியிருப்பு ஆக்கள் வந்த வான் வண்டியில் இருந்து அவன் இறங்கினான். அவர்களின் நீலச் சட்டை. கிட்டப் போனேன்.

“என்ன மோனை இது?”

“மாமா ஆக்கள் கேட்டவை அப்பா. இப்ப நான் அந்த ஊரெல்லோ.”

பக்கத்தில் நின்றவர் சும்மா விடவில்லை. “அண்ணை, சீதனமாப் பொடியனையே குடுத்திட்டியள் போல!”

கடைசியில் ஒரு ஓட்டம் எடுத்தால் கிண்ணம் அவர்களுக்கு. மகன் அடித்தான். பந்து வேலிக்கரைக்குப் போனது. எங்கள் பையன் அதை எடுத்து, ஓடுகிறவனின் முதுகுக்குக் குறிவைத்து எறிந்தான். பட்டால் மகன் ஆட்டமிழப்பான், நாங்கள் வெல்வோம்.

“பிள்ளையாரே, படட்டும்” என்று வேண்டத்தான் வாயைத் திறந்தேன்.

“ஓடடா மோனை, ஓடு!” என்றது என் குரல்.

பந்து படவில்லை. எங்கள் சனம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே நிற்பதை அப்போதுதான் கண்டேன்.