சூடாமணியின் குட்டைக் கன்றுகள்

சூடாமணிக்குத் தண்ணீரை நாக்கில் வைத்தால் போதும், உப்பின் அளவு தெரிந்துவிடும். அடையாற்று ஓரம் இருந்த மரக்கன்றுப் பண்ணையில் பதினோரு வருஷம் தண்ணீர் ஊற்றியவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றிலும் எழுபத்துநான்கிலும் திருவான்மியூர் கடற்கரை மணலில் நட்ட பூவரசங் கன்றுகள் ஒன்று விடாமல் கருகிப்போயின. பழி யார் தலையில்? தண்ணீர் ஊற்றினவள் தலையில்தான். இன்னொரு தடவை கருகினால் வேலை கிடையாது என்று அதிகாரி அனந்தராமன் சொல்லிவிட்டார்.

நல்ல தண்ணீரில் செல்லமாக வளர்த்துக் கடலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினால் எந்தக் கன்றுதான் தாங்கும்? பண்ணைக் கோடியில் யாரும் சீந்தாத உப்புக்கிணறு ஒன்று இருந்தது. யாரையும் கேட்காமல் ஒரு பாத்திக் கன்றுகளை அந்தத் தண்ணீருக்குப் பழக்கினாள். முதலில் பூவாளியால் மேலோடு தெளித்ததில் இலையெல்லாம் வெந்து பாதிக் கன்று போயிற்று. தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு, மிச்சத்துக்கு வேரோரமாக மட்டும் ஊற்றினாள். நல்ல தண்ணீர் கலந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, பத்து நாள் கஞ்சி உப்பு, அடுத்த பத்து நாள் ரசத்து உப்பு, பிறகு கருவாட்டுக் குழம்பு உப்பு.

கன்றுகள் பிழைத்தன, உயரத்தான் இல்லை. அளவுக் குச்சியில் ஒன்றரை அடியைத் தொடாத கன்று லாரி ஏறக்கூடாது என்பது பண்ணைச் சட்டம். அனந்தராமன் குச்சியை வைத்துப் பார்த்துவிட்டு, அத்தனையையும் குப்பைக் குழியில் போடச் சொன்னார்.

"போட மாட்டேன் சார்," என்றாள் சூடாமணி. "நெட்டையா வளந்ததெல்லாம் ரெண்டு வருஷமா இன்னா ஆச்சு? இதுங்களும் அதே மணல்ல நிக்கட்டும். செத்துச்சுன்னா நானே பண்ணை கேட்டாண்ட வரமாட்டேன்."

குப்பைதானே, எக்கேடோ கெடட்டும் என்று அவர் விட்டுவிட்டார். மழை முடிந்த கையோடு அவள் கூடையில் சுமந்துபோய், லாரியில் வந்த கன்றுகளுக்குப் பக்கத்திலேயே நட்டாள். அடையாளத்துக்குப் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினாள். இரண்டு வரிசைக்கும் ஒரே குடம்தான், ஓரவஞ்சனை கிடையாது.

கத்திரி வெயில் முடிந்தபோது நெட்டைக் கன்றுகள் விறகுக் குச்சியாக நின்றன. சிவப்புத் துணி கட்டியதில் ஏழெட்டுத்தான் போயிற்று. மற்றதெல்லாம் துளிர் விட்டிருந்தது.

அனந்தராமன் நோட்டோடு கிணற்றடிக்கு வந்தார். குடத்துக்கு எத்தனை குவளை உப்புக்கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அவள் கலந்து வைத்திருந்த தண்ணீரைக் குவளையில் மொண்டு நீட்டினாள்.

"எழுதுனா தெரியாது சார். நாக்குல வெச்சுப் பாரு. இது ரசத்து உப்பு."

அவள் மொண்ட தண்ணீரை அவர் அதுவரை தொட்டதில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். சூடாமணி நீட்டிய கையை இறக்கவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் உள்ளங்கையைக் குவித்து ஏந்தினார்.