வாசிக்காமல் விட்ட அதிகாரம்

சாகக் கிடந்த அக்கா கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது ஒரே ஒரு அதிகாரம். அதைக்கூட அத்தான் வாசிக்கவில்லை.

மைக் செட்காரர் இந்த ஆத்திரத்தை வருஷக்கணக்காக மனதில் வைத்துக்கொண்டிருந்தார். யாராவது அத்தானைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை ஆரம்பித்தால் போதும், "அந்த ஆளோட வண்டவாளம் எனக்குத் தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவதும், பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பதும் அவர் தொழில். படிப்பு ஏறவில்லை. இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவரை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். அவளைக் கட்டிக்கொண்ட அத்தான் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். அத்தான் யூதர், அக்கா கிறிஸ்தவள். இரண்டு பக்கத்துச் சொந்தமும் கல்யாணத்துக்கு எட்டிப் பார்க்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டது தம்பி மட்டும்தான்.

அவர்கள் வீடு கடிகாரக் கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள். பிள்ளை குட்டி இல்லை. சண்டைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அதுவும் என்ன சண்டை? சொத்தா, நகையா? உலகை மீட்க வருவார் என்று வேதம் சொல்லும் மேசியா வந்தாயிற்றா, இல்லையா என்று.

"எங்களுக்கு வந்தாச்சு. உங்களுக்குத்தான் இன்னும் வரல" என்பாள் அக்கா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

"வந்தவரு உலகத்தைச் சரி பண்ணியிருக்கணும்ல? நம்ம வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுதே."

"அதுக்குத்தான் திரும்ப வருவாரு."

"வேலைய எடுத்தா ஒரே தடவைல முடிக்கணும். பாதியில வெச்சிட்டு, அப்புறம் வரேன்னு சொல்ற ஆளு கையில நான் ஒரு கடிகாரத்தைக்கூடக் கொடுக்க மாட்டேன்."

"ஆமா, இவரு ஒரே தடவைல முடிச்சுக் கிழிச்சாரு! பக்கத்து வீட்டு அலாரம் எத்தனை மாசமா உங்க மேஜையில கெடக்குது?"

மைக் செட்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்திருப்பார். வேதம் ஒன்றுதான். படிக்கிற கண்தான் வேறு. நமக்கு ஒரு பிள்ளை பிறந்தது என்று தீர்க்கதரிசி சொன்னால், அக்காவுக்கு அது மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பிள்ளை. அத்தானுக்கோ, தீர்க்கதரிசியின் காலத்திலேயே அரண்மனையில் பிறந்து வளர்ந்த ஒரு ராஜகுமாரன். இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் மல்லுக்கு நிற்பார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அத்தான் மல்லுக்கு நிற்கமாட்டார். அது அதே தீர்க்கதரிசி புத்தகத்தின் ஐம்பத்து மூன்றாவது அதிகாரம். எல்லாராலும் ஒதுக்கப்பட்டு, மற்றவர்களுடைய நோவையெல்லாம் சுமந்து, ஆட்டைப்போல வாய் திறக்காமல் சாவுக்குப் போகிற ஓர் ஊழியனைப் பற்றிய அதிகாரம். "இது எங்க ஆண்டவர்தான், வேற யாரு?" என்பாள் அக்கா. "அது ஒரு ஆள் இல்ல, ஒரு ஜனம். எங்க ஜனம்" என்று அத்தான் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து குழாயை இறுக்கப் போய்விடுவார்.

சர்க்கரை வியாதி அக்காவின் கண்ணைத் தின்றது. பார்வை போனதும் வேதம் வாசிக்க முடியாமல் தவித்துப்போனாள். "உங்க குரல்ல கேக்கணுங்க. தீர்க்கதரிசி புத்தகத்தை முழுசா, ஒண்ணு விடாம" என்றாள். அத்தான் எபிரெயத்தைப் பார்த்து அப்படியே வீட்டுப் பேச்சில் சொல்லிக்கொண்டே வருவார். மைக் செட்காரர் அதைக் கேசட்டில் பதிவு செய்வார். மைக்கில் டிக் டிக் சத்தம் விழும் என்பதால், தொடங்குவதற்கு முன் அத்தான் வீட்டில் இருக்கிற கடிகாரங்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார். எல்லாம் ஓய்ந்த பிறகு அறை கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பாள்.

ஒருநாள் ஐம்பத்திரண்டாவது அதிகாரத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. அத்தானின் வாசிப்பு மெல்ல ஒரு ராகமாக மாறியது. மூச்சு விடாமல், பிள்ளை பெறாதவளே, பாடு என்று சொன்னார். ஐம்பத்து நான்கு அப்படித்தான் தொடங்குகிறது.

பிள்ளை பெறாத அக்கா தலையை நிமிர்த்தினாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கே" என்றாள்.

அத்தான் குனிந்து பார்த்தார். பக்கத்தைப் பின்னால் புரட்டினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா காத்துக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த மைக் செட்காரருக்கு அவளுடைய மூச்சு தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேசட்டின் அந்தப் பக்கம் ஓடி முடிந்து, பொத்தான் தானாக மேலே எழும்பும்வரை அத்தான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிறகு புத்தகத்தை மூடினார்.

அந்த வாரமே அக்கா போய்விட்டாள்.

கல்லறையில் மண் போட்ட கையோடு மைக் செட்காரர் கேட்டார்: "உங்க ஜம்பத்துக்கு அவதான் கெடைச்சாளா? ஒரு வாய் தண்ணி கேட்டவளுக்கு இல்லேன்னு சொன்ன மாதிரி செஞ்சிட்டீங்களே." அத்தான் வீட்டில் இருந்த தன் டேப் ரெக்கார்டரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வந்த மைக் செட்காரர், அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அந்த வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரி போன் செய்தாள்.

"உங்க அத்தானுக்கு ரொம்ப முடியலைங்க. தொண்டையில ஏதோ கட்டி. குரல் போயிடுச்சு. டாக்டரும் கைய விரிச்சிட்டாரு."

"நான் வந்து என்ன செய்யப்போறேன்?"

"வந்துதான் பாருங்களேன்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணும் இருக்குங்க. சாயங்காலமானா அவரு ரூம்ல ஒரு பொம்பளை மூச்சு விடற சத்தம் கேக்குது. கதவு தட்டிப் பாத்தா அவரு மட்டும்தான் இருக்காரு."

மைக் செட்காரர் போனார். கடைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே சுவர் நிறையக் கடிகாரங்கள், ஒன்றுகூட ஓடவில்லை. ஆள் படுத்துவிட்டதால் சாவி கொடுக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டே பின்னறைக் கதவில் கைவைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே அக்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

இழுக்கும்போது மெல்ல ஒரு விசில், விடும்போது ஒரு தடங்கல். கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மூச்சு. நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. அக்கா என்று கூப்பிட வாயெடுத்துவிட்டார்.

கதவைத் தள்ளினார். கட்டிலில் அத்தான், சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி. மேஜையில் அவர் விட்டுவிட்டு வந்த அதே டேப் ரெக்கார்டர். கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்காவின் காலி நாற்காலி.

அத்தான் பொத்தானை அமுக்கினார். மூச்சு நின்றது. அக்கா இன்னொரு தடவை செத்த மாதிரி இருந்தது மைக் செட்காரருக்கு.

"வா மைக் செட்டு" என்றார் அத்தான். காகிதம் கசங்குகிற குரல். "இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்க. திட்டறதுன்னா மொதல்ல திட்டிடு. எனக்குப் பதில் பேசத் தொண்டையில்ல, உனக்குச் சௌகரியம்."

திட்டுவதற்கென்றே வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. "ஏன் அத்தான் தாவினீங்க? வேணும்னுதானே?" என்று மட்டும் கேட்டார்.

"தாவினது வாய். நான் இல்ல." அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க ஜெபஆலயத்துல வாரா வாரம் தீர்க்கதரிசிகள்லேருந்து ஒரு பகுதி வாசிப்பாங்க. எல்லாத்தையும் வாசிக்கிறதில்ல, பொறுக்கி எடுத்தது. ஒரு வாரம் ஐம்பத்திரண்டு நடுவுல முடியும். அடுத்த வாரம் ஐம்பத்து நாலு. நடுவுல இருக்கறது அந்தச் சுத்துல வராது. அப்பா வாசிப்பாரு, நான் கூடவே பாடுவேன். அந்த ராகம் வந்ததும் வாய் தானா அடுத்த வாரத்துக்குப் போயிடுச்சு."

"சரி. அவ சொன்னதும் திரும்பி வாசிச்சிருக்கலாமே?"

அத்தான் சுவரைப் பார்த்தார். "சின்ன வயசுல எங்க தெருவுல சிலபேர் அந்த அதிகாரத்தைத்தான் எங்க மூஞ்சியில வீசுவாங்க. உங்க புத்தகத்துலயே எங்க ஆண்டவர் இருக்காரு, தெரியலையா குருடங்களான்னு. அப்புறம் ஒருநாள் பட்டாளத்துக்காரங்க துப்பாக்கியோட வந்து, யூதங்கன்னு எங்க தெரு ஆம்பளைங்க எல்லாரையும் வரிசையா நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. என் அண்ணனும் போனான். ஒரு சத்தம் போடல. திரும்பியும் பாக்கல. எங்க பொதைச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பெரியவனானதும் அந்த அதிகாரத்தைத் தனியா எடுத்துப் படிச்சேன். வரிக்கு வரி அண்ணன் நடந்து போறான்."

மைக் செட்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதில் உட்கார மனம் வரவில்லை.

"அவ சாகப்போறா. அவளுக்கு அதுல அவ ஆண்டவர் வேணும். நான் வாயைத் திறந்தா அண்ணன்தான் வருவான். அவகிட்ட பொய்யா ஒரு குரல்ல வாசிக்க மனசு வரல. நெசமா வாசிச்சா, அவ ஆசையா காத்திருந்த இடத்துல என் செத்தவங்களைக் கொண்டுபோய் இறக்கின மாதிரி ஆயிடும். இப்படியே யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே கேசட் ஓடி முடிஞ்சிடுச்சு."

மேலே தையல் மெஷின் ஓடி நின்றது.

"அதனாலதான் தினமும் கேக்கறீங்களா?"

"அவ மூச்சு வேற எங்க இருக்கு?"

உண்மைதான். அக்காவுக்குப் போட்டோ உண்டு, செருப்பு உண்டு. மூச்சு இந்தக் கேசட்டில் மட்டும்தான் இருந்தது. அழிந்துவிடக் கூடாது என்று அத்தான் கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை அப்போதே உடைத்துவிட்டிருந்தார். பல் உடைந்தால் அதன்மேல் எதையும் பதிய முடியாது. அந்த ஓட்டையை ஒட்டுத்தாளால் மூடினால்தான் சிவப்புப் பொத்தான் இறங்கும்.

"நகல் எடுத்துத் தரேன் அத்தான். நானும் ஒண்ணு வெச்சுக்கறேன்" என்றார் மைக் செட்காரர்.

"உன் தொழில் ஆளையே கூப்பிட்டு எடுத்துப் பாத்தாச்சு. நகல்ல வெறும் இரைச்சல்தான் வருது. அவ்வளவு மெல்லிசு அவ மூச்சு."

அத்தான் தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒட்டுத்தாளில் ஒரு துண்டு எடுத்தார். கேசட்டை வெளியே எடுத்தார். நடுங்குகிற கைதான், ஆனாலும் கடிகாரக் கை. உடைந்த ஓட்டையின்மேல் துண்டைச் சரியாக ஒட்டி, நகத்தால் தேய்த்துவிட்டார்.

"என்ன பண்றீங்க அத்தான்? அவ அழிஞ்சிடுவா!"

"ஒவ்வொரு தடவை போடும்போதும் அவ காத்துக்கிட்டே இருக்காடா. முன்னாடி ஒண்ணு இருக்கேன்னு கேட்டுட்டுக் காத்துக்கிட்டே இருக்கா. காத்திருக்கறது எங்க ஆளுங்களுக்குப் பழக்கம், காலங்காலமா அதே வேலை. அவளுக்கு அது பழக்கமில்ல. அவளுக்கு வந்தாச்சு. வந்தாச்சுன்னு நம்பினவளை நான் காக்க வெச்சிருக்கேன்."

கேசட்டை மறுபடி உள்ளே போட்டு, அக்காவின் கேள்வி முடிகிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அலமாரியிலிருந்து அக்காவின் பழைய வேதப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொல்லி, பக்கத்தைத் திறந்து மைக் செட்காரரின் மடியில் வைத்தார். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

"எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும் அத்தான். நாலு இடத்துல தடுக்கும்."

"தடுக்கட்டும்."

கடிகாரங்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. மைக் செட்காரரின் விரல் சிவப்புப் பொத்தானுக்குமேல் வந்து நின்றது, இறங்கவில்லை. அத்தான் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"வாசி மாப்ள. நீ உன் ஆண்டவரை நெனைச்சுக்கிட்டு, அவளுக்காக வாசி. நான் யாரை நெனைச்சுக் கேக்கறேன்னு மட்டும் கேக்காதே."