அத்திம்பேர் விட்டுவிட்ட முயல்

எங்கள் குடும்பத்தில் கரப்பான்பூச்சியைக்கூடக் கொல்லாத ஒரே மனிதரிடம்தான் துப்பாக்கி இருந்தது. அவர் என் அத்தையின் கணவர், எங்களுக்கெல்லாம் அத்திம்பேர். பம்பாயில் நாங்கள் மாதுங்காவில் இருந்தோம், அத்தையும் அத்திம்பேரும் செம்பூரில் ஒரு மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருந்தார்கள். குளியலறையில் கரப்பான் தென்பட்டால் அத்தை விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அத்திம்பேர் முந்திக்கொண்டு அதை ஒரு பழைய பேப்பரில் ஏந்தி ஜன்னல் வழியாக விட்டுவிட்டு, "அது பாட்டுக்குப் போறது, உனக்கென்ன நஷ்டம்?" என்பார். முட்டை சேர்த்திருக்கிறதா என்று விசாரிக்காமல் ஒரு கேக் துண்டைக்கூட வாயில் போடமாட்டார். ஆபீஸில் கணக்கு வேலை. இப்படிப்பட்டவருக்கு லைசென்ஸோடு ஒரு ரைஃபிள் இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவர் அவர். மற்றப் பையன்கள் அதை மறந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். இவரும் கல்யாணம் பண்ணிக்கொண்டார், ஆனால் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போய், வட்டம் போட்ட காகிதத்தைச் சுட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்.

அவர் வைத்திருந்தது பாயின்ட் டூ டூ என்கிற சின்ன ரக ரைஃபிள். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்குள் அதன் பெருமை வந்துவிடும். "தோளை இடிக்காது, காதை அடைக்காது, கையையும் கடிக்காது. மத்த துப்பாக்கியெல்லாம் கழுதை மாதிரி உதைக்கும். இதைக் கொழந்தைகூடப் பிடிக்கலாம். காகிதத்தைச் சுடறவனுக்கும் இதுதான், முயலைச் சுடறவனுக்கும் இதுதான்" என்பார். பிறகு ஒரு தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். என் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. "சின்னதுதானேன்னு நினைச்சுடப்படாது. இங்கே விட்டா திலக் நகர் ஸ்டேஷன் வரைக்கும் போகும்." அது டிக்கெட் எடுக்காமல் திலக் நகர் போய் இறங்குவதாக நான் கற்பனை செய்துகொள்வேன். என் அப்பாவுக்கு இந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தது. "ஏன் அத்திம்பேர், அந்தக் காகிதம் உங்களுக்கு அப்படி என்னதான் துரோகம் பண்ணித்து?" என்று கேட்பார்.

நவராத்திரியின் கடைசி இரண்டு நாளும் நாங்கள் அத்தை வீட்டில்தான் இருப்போம். சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் அவரவர் தொழிலுக்கும் படிப்புக்கும் உரியதெல்லாம் பூஜைக்குப் போய்விடும். நான் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைப்பேன். அத்தையின் வீணை, அவள் பிள்ளையின் பாடப் புத்தகங்கள், இவற்றோடு அத்திம்பேரின் துப்பாக்கியும் பட்டுத்துணி விரித்த பலகையில் சந்தனம் குங்குமத்தோடு படுத்துக்கொள்ளும். வைப்பதற்கு முன் அவர், தோட்டா போடும் இடத்தை மூடுகிற அதன் போல்ட்டைத் திறந்து, எங்களை வரிசையாக எட்டிப் பார்க்கச் சொல்லி, "பாத்துக்கோங்கோ, காலி" என்பார். அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. ஒருமுறை வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

எடுத்த பிறகு சும்மா வைக்கவும் கூடாது. புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கவேண்டும், வீணையில் ஒரு கீர்த்தனை வாசிக்கவேண்டும். துப்பாக்கிக்கு என்ன செய்வது? அத்தையின் நச்சரிப்புக்காக அத்திம்பேர் ஜன்னலோரம் நின்று, குழலை வெளியே வானத்தைப் பார்க்க நீட்டி, ஒரே ஒரு முறை விசையை இழுப்பார். 'டிக்' என்று கேட்கும். காலியாக இழுப்பது இந்த வகைத் துப்பாக்கிக்கு ஆகாதாம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இழுப்பார்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், பூஜையன்று காலையில் மாலை வாங்க என்னைக் கீழே அனுப்பினார்கள். கட்டட வாசலில், காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு பூக்கார அக்கா உட்கார்ந்திருப்பாள். தாராவியிலிருந்து வருபவள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மற்றவர்களிடம் "தஸ் கா லே லோ" என்று இந்தியில் கூவி விற்கிறவள் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவாள். மாலை எதற்கு என்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"துப்பாக்கிக்கா மாலை? எங்கூர்ல அருவாளுக்குப் பொட்டு வைப்பாவ, மாலை போட்டுப் பாத்ததில்லயே. அது எவ்வளவு நீளம் இருக்கும் பிள்ள?"

நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவள் அதற்கேற்ப சாமந்தி மாலையை அளந்து நறுக்கினாள். மிச்சத் துண்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இது எம்மவ புஸ்தகத்துக்கு. அவளும் ஒன்னய மாதிரிதான், நாலாவது படிக்கா" என்றாள்.

அன்று அத்திம்பேர் வீட்டில் இல்லை. கர்ஜத்துக்கு அப்பால் நிலம் வைத்திருந்த சிநேகிதர் ஒருவர், 'காகிதத்தையே எத்தனை நாள்தான் சுடுவாய்' என்று உசுப்பேற்றி அவரைக் காலையிலேயே காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பன்றி வந்து நெல்லை அழிக்கிறது, முயலும் நிறைய இருக்கிறது, நம் வயலில் நம்மை யார் கேட்கப்போகிறார்கள் என்றெல்லாம் சொன்னாராம். சாயங்காலம் விளக்கேற்றி வெகுநேரம் கழித்துத்தான் அத்திம்பேர் திரும்பினார். பலகையில் எல்லாம் வைத்தாகிவிட்டது, துப்பாக்கிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. "நாளும் கிழமையுமா வர நேரமா இது?" என்று அத்தை பொரிந்து தள்ளினாள். அவர் கைகால் கழுவி, துப்பாக்கியை ஒரு துணியால் துடைத்து, பலகையில் கிடத்தினார். அத்தை மாலையைச் சாத்தி மணியை அடித்தாள். அந்த அவசரத்தில் 'காலி' விளையாட்டு நடக்கவில்லை, பசியில் நாங்களும் கேட்கவில்லை.

சாப்பிடும்போதுதான் கதை வெளியே வந்தது. வரப்போரமாக இவர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு முயல் பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. சிநேகிதர் காதருகே "மார், மார்" என்று இந்தியில் சுடச் சொல்லி உயிரை வாங்குகிறார். இவர் தோட்டாவைப் போட்டு, போல்ட்டை மூடி, குறி பார்த்து, மூச்சையும் பிடித்துவிட்டார்.

"அது என்னடான்னா, வடாலா ஸ்டேஷன்ல வண்டிக்குக் காத்துண்டு நிக்கறவா மாதிரி நின்னுண்டு என்னையே பாக்கறது. வாய் மட்டும் எதையோ மென்னுண்டே இருக்கு. நான் துப்பாக்கியை இறக்கிட்டேன்."

சிநேகிதர் செம்பூர் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தாராம். அத்தைக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் கரைந்துவிட்டது. "பூஜையும் அதுவுமா, நல்ல வேளை பகவான் தடுத்தார்" என்று இன்னொரு கரண்டிப் பாயசத்தை விட்டாள். நான் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். முயல் மென்றதை அவர் நடித்துக் காட்டினார். உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அந்த நிமிஷத்தில் அவர்தான்.

மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை திடீரென்று நின்றது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பூஜைப் பலகையை நோக்கிப் போனார்.

"எங்கே போறேள்?" என்று அத்தை மறித்தாள்.

"ஒரே ஒரு தடவை போல்ட்டைத் திறந்து பாத்துடறேன். எடுத்தேனா இல்லையான்னு..."

"பூஜையில வெச்சதைத் தொடப்படாது. காலம்பற எடுத்துப் பாத்துக்கோங்கோ. அது என்ன எழுந்து நடந்துடப்போறதா?"

"விடுக்கா, அத்திம்பேருக்கு ஒரு ராத்திரிகூடப் பிரிஞ்சு இருக்க முடியலை" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். அத்திம்பேரும் சங்கடமாகச் சிரித்தார். "எடுத்திருப்பேன். இத்தனை வருஷப் பழக்கம், கை தானா எடுத்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டார். ஆனாலும், காலையில் தான்தான் முதலில் எடுப்பேன் என்று இரண்டு முறை சொன்னார்.

விஜயதசமி புதிதாகப் படிப்பு தொடங்குகிற நாள். அத்தை பிள்ளைக்குப் பதினாலு வயது. முறைப்படி எனக்கு அத்தான், பம்பாய் வழக்கத்தில் அண்ணா. அந்த வருஷம் அவனுக்குத் துப்பாக்கிப் பாடம் ஆரம்பிப்பது என்று முன்னமே பேசி வைத்திருந்தார்கள். காலையில் அத்தை கற்பூரம் காட்டினாள். குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று அத்திம்பேர் குளிக்கப் போயிருந்தார். நான் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுத ஆரம்பித்திருந்தேன். அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். குளியலறைக் கதவைத் தட்டினாள். "நல்ல நேரம் முடியப்போறது, கேக்கறதா?" தண்ணீர்ச் சத்தத்தில் உள்ளே என்ன கேட்டதோ தெரியாது. ஒருநாளும் அந்தத் துப்பாக்கியைத் தொடாதவள், அன்று அதை மாலையோடு, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து அண்ணாவிடம் கொடுத்தாள். அவன் வருஷாவருஷம் பார்த்ததைத்தான் செய்தான். ஜன்னலோரம் போய் நின்று, குழலை வெளியே நீட்டி, விசையை இழுத்தான். அவன் கைக்குக் கனம் தாங்காமல் குழல் தாழ்ந்திருந்தது.

எவர்சில்வர் டப்பாவைப் பட்டென்று மூடினாற்போல் ஒரு சத்தம், அவ்வளவுதான். மாலையிலிருந்து நாலைந்து இதழ்கள் உதிர்ந்தன. அண்ணா ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு அவன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, அப்பா சொன்ன மாதிரியே தோள்ல இடிக்கவே இல்லைம்மா!"

அத்திம்பேர் காதோரம் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். துப்பாக்கியைப் பிடுங்கி போல்ட்டைத் திறந்தார். சின்னதாக ஒரு பித்தளைக் கூடு வெளியே துள்ளித் தரையில் உருண்டது. அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தெருவில் தசரா கூட்டம், ரிக்ஷாக்கள், ஹாரன். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலை, ஸ்வாமி காப்பாத்தினார்" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளையாருக்கு மாலை சாத்தவேண்டும், ஓடிப்போய் வாங்கி வா என்று என்னை அனுப்பினாள். அத்திம்பேர் ஜன்னல் கம்பியை விடவில்லை.

கீழே பூக்கார அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை தோளில் சரிந்திருந்தது. பாதி கட்டிய சரம் விரலில் சுற்றியிருந்தது. ஒருவர் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு "மௌசி, கித்னா? மௌசி!" என்று விலை கேட்டுவிட்டு, எரிச்சலோடு போட்டுவிட்டுப் போனார். நானும் அக்கா அக்கா என்று கூப்பிட்டேன். பண்டிகைக்கு விடிய விடியக் கட்டியிருப்பாள், பாவம், என்று பெரிய மனுஷி மாதிரி நினைத்துக்கொண்டேன். மேலே ஓடிவந்து சிரிப்போடு சொன்னேன்.

"பூக்கார அக்கா உக்காந்துண்டே தூங்கறா! கூப்பிடக் கூப்பிட எழுந்துக்கலை."

அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தார். அத்திம்பேர் ஈரத்துண்டோடு, வெறுங்காலோடு, லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கி ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததேயில்லை.

அவள் கழுத்துக்குக் கீழே, பொட்டளவுகூட இல்லாத ஒரு துளை. ரத்தம்கூட அதிகம் இல்லையாம். இதையெல்லாம் பெரியவர்கள் பேசி நான் பின்னால் தெரிந்துகொண்டேன். ரிக்ஷாவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு அத்திம்பேர்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போலீஸ் வந்து யார் கையில் இருந்தது என்று கேட்டபோது, "என் கையிலதான்" என்றார். பொய் சொன்னால் சரஸ்வதி நாக்கில் தங்கமாட்டாள் என்று காலையில்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த அத்தை, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம், பள்ளிக்கூடப் பாவாடையில் ஒரு பெண் யாரோடோ வந்து, வாசலில் கிடந்த பூக்கூடையை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தேன்.

துப்பாக்கியையும் லைசென்ஸையும் எடுத்துப்போக அத்திம்பேரை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வாசலில் கான்ஸ்டபிள் நின்றார். யாரும் விளக்கேற்றவில்லை. அத்திம்பேர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுகிற குரலில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த முயலைச் சுட்டிருக்கணும்டா. நேத்திக்கே சுட்டிருக்கணும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று ராத்திரி எனக்காக முயல் மாதிரி மென்று காட்டியவரா இப்படிச் சொல்கிறார்? கிளம்பும்போது அவர் என் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன் கொழந்தே" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தைப் பல்லில் சுண்டி, பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டவர்களிடம் செய்வதுபோல, இனிப் பேச்சே இல்லை என்று அவரோடு 'கட்டி' போட்டேன். முயல்தான் பிழைத்துவிட்டதே, அதற்காக இவர் சந்தோஷப்பட வேண்டாமா என்பதுதான் அன்றைக்கு என் கோபம்.