முப்பத்தொன்றாவது கையெழுத்து

கன்னியம்மாவுக்கு நாற்பத்தொரு வயதில் நாற்காலி கிடைத்தது. அதுவரை பதினெட்டு வருஷம், திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் வாசலில் நின்றபடி, உள்ளே வரும் பெட்டிகளின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தவர். அந்த வேலையோடு வேலையாக அஞ்சல் வழியில் பி.காம். முடித்திருந்தார். சம்பளப் பிரிவில் இருந்தவர் ஓய்வு பெற்றதும், முதலாளி தேவப்பிரியம் அவரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்காரச் சொன்னார். அன்று எம்.கே.பி. நகருக்குத் திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே போனேன் என்று இப்போதும் சிரிப்பார்.

சேர்ந்த இரண்டாவது மாதம், ஜனவரி. வருமான வரி பிடிக்கப்படும் முப்பத்தொரு பேரின் ஃபைலைத் திறந்தார். புதிய முறையா பழைய முறையா, வாடகை வீடா சொந்த வீடா என்று ஒவ்வொரு வருஷமும் அவரவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டிய படிவங்கள் அதில் இருந்தன. அதை வாங்கி, அதன்படி வரி பிடிப்பது கம்பெனியின் பொறுப்பு. ஃபைலில் இருந்ததெல்லாம் ஒரே தாளின் நகல்கள். வருஷத்தை மட்டும் வெள்ளை மையால் அழித்து மாற்றியிருந்தார்கள்.

கன்னியம்மா உடனே எழுந்தார். பெட்டி தூக்கும் பெரிய இயந்திரத்தை ஓட்டும் எத்திராஜை அழைத்து, அவருடைய தாளைக் காட்டினார்.

"இன்னாக்கா இது? ராயபுரத்துல வாடகைக்குக் கீறேன்னு போட்டுக்குது. அந்த வூட்டக் காலி பண்ணி நாலு வர்சம் ஆச்சே."

"நீ எழுதிக் குடுக்கலயா?"

"யாரும் கேக்கவே இல்ல. மாசா மாசம் புடிக்கிறாங்கோ, நானும் உட்டுட்டேன்."

அந்த ஆண்டு புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. முப்பத்தொரு பேரில் ஒருவருடைய சம்பளமும் அதைத் தொடவில்லை. பழைய தாளை நகலெடுத்ததால் எல்லாருக்கும் பழைய முறையிலேயே வரி போய்க்கொண்டிருந்தது. கன்னியம்மா ஃபைலை அணைத்துக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

தேவப்பிரியம் நாகர்கோவில் பக்கத்துக்காரர், நிதானமானவர். "இத்தன வருசமா எவனும் ஒரு கேள்வி கேக்கலியேம்மா," என்றார்.

"வருமான வரி ஆபீஸ்ல கேட்டா யாரு சார் பதில் சொல்றது? எத்திராஜ் குடியில்லாத வீட்டுக்கு வாடகை கணக்குக் காட்டியிருக்கோம். கடைசிப் பக்கத்தப் பாருங்க."

அவர் திருப்பிப் பார்த்தார். சரிபார்த்ததாக உறுதி சொல்லும் இடத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குச் சம்பளப் பட்டியல் பேங்குக்குப் போகணும். அதுக்குள்ள முப்பத்தொரு பேரும் புதுசா எழுதித் தரணும். போன்ல எடுத்த போட்டோல்லாம் வேண்டாம், தாளு வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"வாங்கிடுறேன் சார்."

அன்று புதன். கேன்டீன் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு ஒவ்வொருவருக்கும் காட்டினார். செய்தி யார்டு முழுக்கப் பரவியதும், டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வியாழன் சாயங்காலத்துக்குள் முப்பது பேர் முடிந்தது.

மிச்சம் வல்லரசு. எண்ணூர் துறைமுகத்துக்குள் கம்பெனி டிரெய்லர்களை அனுப்பிவைக்கும் சூப்பர்வைசர். மூன்று நாளாக அங்கேயே கிடந்தார், போனும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி.

"ஏறுக்கா," என்றார் எத்திராஜ், தன் பைக்கைக் கிளப்பியபடி. அவருக்கு ஷிப்ட் அப்போதுதான் முடிந்திருந்தது.

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. இடுக்கில் பைக் நெளிந்து நெளிந்து போயிற்று. ஃபைலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி நம்பர்களை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார் கன்னியம்மா. கடைசியில் அவருடைய கண்ணில்தான் பட்டது.

"நிறுத்து, அதோ நம்ம வண்டி."

வல்லரசு டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். கன்னியம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாக்கா, வூட்ல எதுனா?"

"ஒண்ணும் இல்லடா. இத்தப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு."

"இதுக்கா இம்மாந்தூரம் வந்தே? குடு, போட்டுத் தரேன்."

"படிக்காம போடாத. இத்தினி வர்சம் படிக்காம போனதுதான் வினை."

அந்த நேரம் பார்த்து முன்னால் கேட் திறந்தது. வரிசை நகர ஆரம்பித்தது. வல்லரசு தன் வண்டிகளோடு நடந்தபடியே படித்தார், கன்னியம்மா கூடவே நடந்து விளக்கினார். "இனிமே புடிக்கமாட்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். இந்த வருஷம் இதுவரை பிடித்ததும் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும் என்றதும் நின்றேவிட்டார். எத்திராஜின் முதுகில் தாளை விரித்துக் கையெழுத்திட்டார். எழுத்து கொஞ்சம் கோணல்தான்.

யார்டுக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். தேவப்பிரியம் முப்பத்தொரு தாளையும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டே ஒப்பமிட்டார். அதற்கு எட்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்தடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில் பட்டியல் வங்கிக்குப் போனது.

மாசக் கடைசியில் சம்பளம் ஏறிய காலை, யார்டில் ஹாரன் விடாமல் அலறியது. கன்னியம்மா பதறி வெளியே ஓடினார். உயரத்தில் இயந்திரத்தின் கேபினிலிருந்து எத்திராஜ் செல்போனை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"முழுசா வந்துக்குதுக்கா!"

"கீழ பாத்து ஓட்டு," என்று கத்திவிட்டு, கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.