சந்தனப் பொட்டும் தரம் நான்கு வினாத்தாளும்

கம்ப்யூட்டர் எப்போது மெதுவாகிப் போனது என்று கேட்டால் எனக்குச் சரியாக நாள் சொல்லத் தெரியும். சரஸ்வதி பூஜைக்கு மறுநாள். அதுவரை அது தன் வயதுக்குத் தக்கபடி, என்னைப் போலவே, முனகிக்கொண்டாவது எழுந்து உட்காரும். அன்று காலை பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து, தலை துவட்டி, தேத்தண்ணி குடித்து, கந்தோருக்குச் சட்டையும் மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் கந்தோர்க் கிளார்க். எப்போதாவது வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. கம்ப்யூட்டர் என் மனைவியுடையது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தாள். லயத்துப் பிள்ளைகள் தொடங்கி தோட்டத்தை நடத்துகிற தொரை வரைக்கும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டேன். பிழை விட்டால் அவள் பார்க்கிற பார்வைக்கு வேறு பெயர் பொருந்தவில்லை.

அந்த வருடம் பூஜை நேரத்தில் டீச்சர் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்கள் தோட்டத்தில் அன்றைக்குப் பால் வெட்டுகிற கத்தி, ஸ்டோர் என்கிற தோட்டத் தொழிற்சாலையில் இறப்பர்ப் பால்ஷீட் அழுத்துகிற ரோலர், லொறி, கந்தோர் முத்திரை என்று வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். கட்டிலில் படுத்தபடியே டீச்சர் எனக்கு உத்தரவு போட்டாள்.

"கம்ப்யூட்டருக்கும் பொட்டு வச்சிருங்க. மறந்துறாதீங்க."

"எங்க வைக்கிறது?"

"இது ஒரு கேள்வியா? முன்னால வைங்க. எதையும் கழட்டிக்கிட்டு இருக்காதீங்க."

எனக்குக் கொஞ்சம் படிப்பு உண்டு. படித்தவன் சொன்னதை மட்டும் செய்தால் படித்ததற்கு என்ன அர்த்தம்? வெளித்தகரத்துக்குப் பொட்டு வைப்பது கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வாசலோடு திரும்புகிற மாதிரி என்று பட்டது. பக்கத்து மூடியைத் திருகாணி கழற்றித் திறந்தேன். உள்ளே மூலஸ்தானம் போல ஒரு வெள்ளிப் பெட்டி இருந்தது. எல்லா ஞாபகமும் அந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறதென்று கேள்விப்பட்டிருந்தேன். அதன் மேல் விரல் நுனிக்கு அளவெடுத்த மாதிரி ஒரு துளை. பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, துளையை நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தது. பொட்டு வைக்க இடம்கூடக் குறித்துக் கொடுத்திருக்கிறார்களே என்று வியந்தேன். என் மூக்குக்கண்ணாடி மேசையில் கிடந்தது. சந்தனத்தைக் குழைத்து, துளை தெரியாத அளவுக்குத் தாராளமாக வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன். சாம்பிராணியும் காட்டினேன்.

மறுநாள்தான் அந்த வட்டம் சுற்றத் தொடங்கியது.

அன்று பகல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டீச்சர் ஒரு வேலை சொன்னாள். மூன்றாம் தவணைப் பரீட்சைக்குத் தரம் நான்கின் தமிழ் வினாத்தாளை வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அடித்து முடித்திருந்தாள். அதை அச்செடுத்துப் பள்ளிக்கூட அதிபரிடம், அவள் சொல்கிற பெரிய சேரிடம், கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்குகிற வினாத்தாள்களில் கடலும் பனைமரமும் வரும். எங்கள் பிள்ளைகள் பனைமரத்தை வினாத்தாளில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அதனால் டீச்சர் எப்போதும் தானே அடிப்பாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவளுடைய கோப்புகள் இருக்கிற இடம் திறந்தது. வினாத்தாளின் மேல் வைத்து அழுத்தினேன். திரை வெளுத்துப்போய் அப்படியே நின்றது. நாளைக்குப் பார்ப்போம் என்று அணைத்துவிட்டேன்.

அடுத்த நாள் அவள் கேட்டாள்.

"பேப்பர குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"பெரிய சேர் என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னாரு."

"மூணாவது கேள்விய பார்த்தாரா?"

"பார்த்தாரு."

"சிரிச்சாரா?"

"சிரிக்காம? விழுந்து விழுந்து சிரிச்சாரு."

அவளும் சிரித்தாள். பிறகு அது இருமலாகிவிட்டது. கொடுத்தேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதுகிறவனுக்கு ஒரு பொய்யைச் சும்மா விட மனம் வராது. இரண்டு நாளில் கொடுத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அதற்குப் பத்தாம் நாள் டீச்சர் இறந்துபோனாள்.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. சாவுக்குத் தப்பு மேளம் அடித்தது கேட்டது. இடுகாட்டுப் பாதையில் சேறு வழுக்கியது. நான் அழவில்லை. தைரியசாலி என்று சிலர் சொன்னார்கள், கல் என்று சிலர் சொன்னார்கள். இரண்டுமே தவறு. உட்கார்ந்த காலில் ரத்தம் ஓடாமல் மரத்துப்போகுமே, எழுந்து நின்றால் கால் இருப்பதே தெரியாதே, அப்படித்தான் இருந்தது. பதினாறாம் நாள் கருமாதிக்கு அதிபர் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டீச்சர் தமிழ் பேப்பர அடிச்சி வச்சிருக்கேன்னாங்க சேர். கெடச்சா பாருங்க. இல்லாட்டி பரவால்ல, போன வருச பேப்பரையே திருப்பிப் போட்டுக்குவோம்."

"பரீட்சை எப்ப?"

"வார புதன்."

"எடுத்துத் தாரேன்."

"கஷ்டப்பட வேணாம் சேர்."

"இல்ல, எடுத்துத் தாரேன்."

கொடுத்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டே ஒருத்தி போயிருக்கிறாள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஐந்து நாளும் அந்தப் பெட்டியோடுதான் இருந்தேன். கந்தோரில் லீவு இருந்தது. போனில் கம்ப்யூட்டர் வைத்தியம் சொல்கிறவர்கள் ஏராளம், எல்லோரும் உற்சாகமாகவே பேசினார்கள். ஒருவர் சொன்னபடி வேண்டாத கோப்புகளை அழித்தேன். ஒன்று அழியப் பத்து நிமிடம் ஆனது. இன்னொருவர் சொன்ன பக்கத்தைத் திறந்து பார்த்தால், டிஸ்க் நூறு வீதம் வேலை செய்கிறது என்று காட்டியது. அந்த வீட்டில் நூறு வீதம் வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். வயரைக் கழற்றி மாட்டினேன். காற்றாடியில் தூசு தட்டினேன். மழைக்கால ஈரமாக இருக்கலாம் என்று பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டேன். கழற்றிய ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்தேன். காய்ந்து வெடித்திருந்தது. சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாது என்று தொடவில்லை.

டீச்சரின் தங்கை சமைத்துப் போட வந்திருந்தாள். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"மச்சான், உள்ளுக்கு பல்லி செத்துக் கெடக்கும்."

"பார்த்துட்டேன். இல்ல."

"அப்ப எறும்பு."

"எறும்பும் இல்ல."

"அப்ப உங்க கை. அக்கா இருக்கக்குள்ள நல்லாத்தானே ஓடிச்சி? அத நோண்டுறத விட்டுட்டு வந்து சோத்த தின்னுங்க."

கடைசியாக டிஸ்கைச் சோதித்துத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு வழியைச் சொன்னார்கள். அதை ஓடவிட்டேன். பதினொரு வீதம் என்று காட்டியது. மறுநாளும் பதினொரு வீதம். உள்ளேயிருந்து நகம் வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதினொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னார்கள். அப்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கரவனெல்ல டவுனில் ஒரு ரிப்பேர் கடை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த பஸ்ஸில் ஒரு மாதம் தினமும் போயிருந்தேன். கண்டக்டர் என்னைக் கேட்காமலே ஆஸ்பத்திரி வாசலில் மணி அடித்தான், நானும் கேட்காமலே இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. காவலாளி போர்வைக்குள் என்ன என்று பார்த்தான். கம்ப்யூட்டர் என்றேன். இங்கே அதைச் சேர்க்க மாட்டார்கள் என்று சிங்களத்தில் சொன்னான். இத்தனை நாளில் நான் கேட்ட நல்ல பகிடி அதுதான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. திரும்பி நடந்தேன்.

ரிப்பேர் கடைக்காரி என் வயதுச் சிங்களப் பெண். அவருடைய அப்பா ஒரு தோட்டத்து ஸ்டோரில் மெக்கானிக்காக இருந்தவராம், அதனால் எங்கள் தமிழ் அவருக்கு நன்றாக வந்தது. மூடியைக் கழற்றி டோர்ச் அடித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மே மொகத்த மாத்தயா? இது என்ன?"

"சந்தனம்."

"இதுக்கு மேலயா?"

"சரஸ்வதி பூஜைக்கு வச்சது."

கண்ணாடியைப் போடச் சொல்லி அந்தப் பொடி எழுத்தைக் காட்டினார். இந்தத் துளையை மூட வேண்டாம் என்று எழுதியிருந்தது. டிஸ்க் மூச்சு விடுகிற துளையாம். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன், அதன் கழுத்தில் பிக்குமார் ஓதிக் கட்டுகிற பிரித் நூல் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.

"இதாலதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"இதாலன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். வயசும் போயிருக்கு. அதுக்குப் பொறகு என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். பதினொரு வீதம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அனே மாத்தயா! சாகக் கெடக்கிற டிஸ்க்க போய் ரெண்டு நாளா மல ஏற விட்டிருக்கீங்களே. இத இனிமே திருத்த ஏலாது. திருத்தவும் கூடாது. உயிர் இருக்கக்குள்ள வேண்டியத மட்டும் எடுத்துக்கணும். உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரு வினாத்தாள்."

"வேற?"

"என் கட்டுரை கொஞ்சம் இருக்கு."

"வேணுமா?"

யோசித்தேன். "நேரம் இருந்தா எடுங்க."

அவர் டிஸ்கைக் கழற்றி, ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் தந்தார். எறிய மனமில்லை போலும். வயர் போட்டுத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். முதல் தடவை தெரியவில்லை. ஆறவிட்டு மறுபடி இணைத்தார். அந்த நகம் வெட்டும் சத்தம் கேட்டது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'தமிழ் பேப்பர்', 'தமிழ் பேப்பர் கடைசி', 'தமிழ் பேப்பர் உண்மையிலேயே கடைசி'.

"எது?"

"உண்மையிலேயே கடைசி."

சிறிய கோப்புதான். அது இந்தப் பக்கம் வந்து சேர இரண்டு பிளேன்டீ குடித்தோம். வந்து ஒரு நிமிடம் இருக்கும், சத்தம் நின்றுவிட்டது. அவர் திரும்பத் திரும்ப இணைத்துப் பார்த்தார். இவ்வளவுதான் மாத்தயா என்றார். என் கட்டுரைகளுக்கு நேரம் இருக்கவில்லை.

இரண்டு பக்கம் அச்செடுத்துத் தந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் நின்றபடியே மூன்றாவது கேள்வியைத் தேடினேன். பின்வரும் பந்தியை வாசித்து விடை எழுதுக என்றிருந்தது.

'கிளார்க் ஐயா கேகாலைக்குப் போனார். வரும்போது பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு இறங்கினார். மழை பெய்தது. அவர் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். அது அவர் தொலைத்த மூன்றாவது குடை. அவருடைய மனைவி ஒன்றும் சொல்லாமல் துவாயை எடுத்துக் கொடுத்தார்.'

கிளார்க் ஐயா எங்கே போனார்? அவர் எதை மறந்தார்? அவருடைய மனைவி ஏன் கோபப்படவில்லை? ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி.

"இதுதானா?" என்றார் கடைக்காரி.

"இதுதான்."

பள்ளிக்கூடம் விடுவதற்குள் கொண்டுபோய் அதிபரிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், அடுத்ததைப் புரட்டினார், மூன்றாவது கேள்வியில் நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆக, நான் சொன்னதில் பாதிதான் உண்மையானது.

வியாழக்கிழமை பின்நேரம் அவர் போன் எடுத்தார்.

"சேர், பேப்பர் திருத்திக்கிட்டிருக்கேன். ஒரு சின்னப் பிரச்சின. மூணாவது கேள்வியில கடைசிக்கு விடை பந்தியில இல்லையே. டீச்சர் எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா?"

"இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது. புள்ளைங்க என்ன எழுதியிருக்காங்க?"

தாள்கள் புரள்கிற சத்தம் கேட்டது. "குடை பழசு என்பதால. அவருக்குத் தடிமன் பிடிக்கும் என்பதால. கோவப்பட்டாலும் குடை திரும்பி வராது என்பதால. ஒருத்தி எழுதியிருக்கா, மனைவிக்குப் பழகிவிட்டது என்பதால."

"எல்லாத்துக்கும் ரெண்டு போடுங்க."

"சரி சேர். ஒருத்தன் மட்டும் ஒண்ணும் எழுதாம விட்டிருக்கான்."

"அவனுக்கும் போடுங்க."

"அதெப்படி சேர்? டீச்சர் இருந்தா போட மாட்டாங்களே."

"அவ போட மாட்டாதான்," என்றேன். "சரி, போடாதீங்க."